குடோனில் உன் நைனா ஆடிய ஆட்டம்

மும்பையில் இருக்கும் என் மகனுக்கு, பிள்ளைப்பாக்கத்து வீட்டிலிருந்து உன் நைனா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். என் காது மட்டும்தான் என்னோடு இருக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. நீ கிளம்பிப் போனதிலிருந்து நாம் போனில் பேசும் லட்சணம் உனக்கே தெரியும். நீ பேசுவாய், உன் அம்மா கேட்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வைத்த பிறகு "நல்லா கீறானாம், சாப்ட்டானாம்" என்பாள். இவ்வளவு நேரம் பேசியதற்கு இவ்வளவுதானா என்று கேட்டால், "அப்ப நீயே பேசிக்கோ" என்று எழுந்து போய்விடுவாள். போன ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளாகவே இன்னொன்று சொன்னாள். "புரோகிராம் முட்ச்சி வூட்டுக்கு வந்தா காதுல கொய்ங்குனு ஒரு சத்தம் வர்தாம்யா. தூங்கி எழுந்தா பூடுதாம். சிரிச்சிக்கினே சொல்றான்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் காதும் அப்படித்தான் ஆரம்பித்தது. தூங்கி எழுந்தால் போய்விடும் சத்தமாகத்தான் அது முதலில் வந்தது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். திட்டப்போகிறேன் என்று பயப்படாதே. உனக்கு நான் சொல்ல வேண்டிய நன்றி நிறைய பாக்கி இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்பேன்.

ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரிசையாக வர ஆரம்பித்த காலத்தில் நான் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தேன். நீ அப்போது ஸ்கூலில் இருந்தாய். அதற்கு முன்னால் குன்றத்தூரில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் இருந்தவனுக்கு, யூனிஃபார்மும் கம்பெனி பஸ்ஸும் பெரிய கௌரவமாக இருந்தது. என்ன வேலை என்று நீ கேட்டபோது "இரும்பை இட்லி மாதிரி ஊத்தறோம்டா" என்று கதைவிட்டேன். உண்மையில் தகட்டை வைத்துப் பட்டனை அழுத்தினால், மேலேயிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கி ஒரே அடியில் கார் கதவின் உள்பக்கம் வந்துவிடும். அந்த அடி ஒரு ஷிஃப்ட் முழுக்க, அக்கம்பக்கத்து மிஷின்கள் எல்லாவற்றிலும் விழுந்துகொண்டே இருக்கும். தரை அதிரும், டீ கிளாஸில் டீ அதிரும். பேச்சு என்பதே அங்கே கிடையாது. எல்லாம் கைதான். கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று அர்த்தம், தோளில் இரண்டு விரல் வைத்தால் சூப்பர்வைசர் வருகிறார், காதைத் திருகிக் காட்டினால் அவர் கடுப்பில் வருகிறார்.

காதுக்கு கம்பெனி பிளக் கொடுக்கும். பஞ்சு மாதிரி மெத்தென்று, ஆரஞ்சு கலரில். குறை சொல்ல வழியில்லை, கேட்டபோதெல்லாம் கொடுத்தார்கள். ஆனால் நாங்கள் யாரும் இரண்டு காதிலும் வைக்கமாட்டோம். டை சரியாக உட்கார்ந்தால் ஒரு சத்தம், நடுவில் தகட்டுத் துண்டு மாட்டிக்கொண்டால் வேறு சத்தம். இரண்டையும் அடைத்துவிட்டால் வித்தியாசம் தெரியாது என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. அதனால் வலது காதில் பிளக், இடது காது திறந்தபடி. கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து, மிஷின் என்னமோ ரகசியம் சொல்வதுபோல நிற்போம். அப்படி நிற்பவன்தான் நல்ல ஆபரேட்டர் என்று பெயர். ஆடிட் வரும் நாளில் மட்டும் இரண்டு காதிலும் ஆரஞ்சு தெரியும். ஆடிட்காரர்கள் பஸ் ஏறியதும் ஒன்று சட்டைப் பைக்குப் போய்விடும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒருவனைப் பார்த்து ஒருவன் செய்ததுதான்.

காது போவது ஒரே நாளில் நடக்கவில்லை. வீட்டில் நீங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டு பேசுகிறீர்கள் என்று எனக்குக் கோபம் வரும். டிவி சத்தத்தை நான் ஏற்ற, நீ குறைக்க, ரிமோட்டை நான் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்ததெல்லாம் உனக்கு நினைவிருக்கும். வெளியே போனால் இன்னும் மோசம். வாலாஜாபாத்தில் உன் சித்தப்பா பெண் கல்யாணத்தில் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஏதேதோ கேட்டார்கள். கூட்டத்தில் கேட்கும் சத்தம் எல்லாம் எனக்கு ஒரே இரைச்சல்தான். தலையை ஆட்டினேன், சிரித்தேன், இலையைப் பார்த்தேன். "கம்பெனிக்குப் போனதும் இவனுக்குத் திமிரு வந்துட்சி, பேசினா பதில் இல்ல" என்று பேசிக்கொண்டார்களாம். உன் அம்மா வீட்டுக்கு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் ஷிஃப்ட் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஷிஃப்ட் இல்லாத நாளிலும் அதையேதான் சொன்னேன். கூட்டத்துக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பது போல ஒரு கஷ்டம் வேறு கிடையாது.

இந்த நேரத்தில்தான் நீ டிப்ளமா முடித்து, போன் தயாரிக்கும் கம்பெனியில் டிரெய்னியாக இருந்து, அந்தக் கம்பெனி மூடி, ஒரு பழைய லேப்டாப்போடு மாடி அறையில் போய் உட்கார்ந்தாய். எட்டிப் பார்த்தால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருப்பாய். திரையில் கலர் கலராகக் கட்டங்கள் ஓடும். பெண்பிள்ளை விவகாரம் என்றுதான் முதலில் நினைத்தேன். பெண்பிள்ளையாக இருந்தால் பரவாயில்லை என்று பிற்பாடு நினைத்தேன். "இது இன்னாடா?" என்றதற்கு "மியூசிக் நைனா" என்றாய். ஹெட்போனை வாங்கிக் கேட்டால் தொம் தொம் தொம் என்று அடித்துக்கொண்டே இருந்தது. "பாட்டு எங்கடா?" "பாட்டுலாம் வராது நைனா. இதான் பாட்டு. இதுக்கு லூப்புனு பேரு. சுத்திச் சுத்தி வரும், ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சமா எதையாவது மாத்தினே போவணும்." சுற்றிச் சுற்றி ஒரே அடி விழுவதுதானே என் பிழைப்பு, அதிலிருந்து தப்பிக்கட்டும் என்று உன்னைப் படிக்கவைத்தால் நீ அதையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாயே என்று உன் அம்மாவிடம் புலம்பினேன்.

அப்புறம் உன் மாமா வந்து பற்றவைத்தான். அந்த மாதிரி ஆட்டம் நடக்கும் இடத்தில் மாத்திரை போடுகிறார்கள், ஊசி போடுகிறார்கள், போலீஸ் அள்ளிக்கொண்டு போகிறது என்று எங்கேயோ படித்ததையெல்லாம் ஒப்பித்தான். உன் அம்மாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்த வாரம் பார்த்து நீயே வந்து, ஊர் தாண்டி காலியாகக் கிடக்கும் குடோனில் ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் புரோகிராம் என்றாய். இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது குடோன்காரர் போட்ட கண்டிஷன். "நீ வேணா வந்து பாரு நைனா" என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாய். நான் வருவேன் என்று நீ நினைக்கவே இல்லை, அது உன் முகத்தில் தெரிந்தது. நான் வந்தது ஆட்டம் பார்க்க இல்லை. உன்னை அங்கிருந்து இழுத்துக்கொண்டு வருவதற்காக வந்தேன். தனியாகப் போகக் கூச்சமாக இருந்ததால், நம் பக்கத்துப் போர்ஷனில் குடியிருக்கும் சுடலையையும் கூட்டிக்கொண்டேன். என் ஷாப்பில் பக்கத்து மிஷின் அவன், திருச்செந்தூர்ப் பக்கம். வெள்ளைச் சட்டை, விபூதி என்று கோயில் கொடை விழாவுக்குக் கிளம்புவது போல வந்து நின்றான்.

உள்ளே போனதும் உட்காருவதற்கு நாற்காலி தேடினோம். ஒன்றுகூட இல்லை. கூட்டம் முழுக்க உன் வயசுப் பிள்ளைகள், மெட்ராஸிலிருந்து வந்தவர்கள் பாதி, நம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் கம்பெனிப் பையன்கள் பாதி. நாங்கள் சுவரோரமாக நின்று பாட்டு ஆரம்பிக்கும் என்று காத்துக்கொண்டிருந்தோம். சுடலை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு என் காதுக்குள் வந்து கத்தினான்: "அண்ணாச்சி, பாட்டு எப்பம் ஆரம்பிப்பாவ? வந்ததுலேருந்து ஜெனரேட்டரத்தான ஓட்டுதாவ!" முகமெல்லாம் மினுக்குப் பொட்டு வைத்த ஒரு பெண் வந்து என் கையில் பளபளவென்று ஒரு பட்டையை மாட்டிவிட்டு, அங்கிள் அங்கிள் என்று வாயசைத்தாள். புருவத்தில் வளையம் போட்ட ஒருவன் ஆடும் வேகத்தில் என் காலை மிதித்துவிட்டான். மிதித்தவன் சட்டென்று குனிந்து என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். உன் மாமா சொன்ன கூட்டம் இதுதானா என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் வேறொன்றைக் கவனித்தேன். அங்கே யாருக்கும் யார் பேசுவதும் கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தி, "என்ன? என்ன?" என்று காதைக் காட்டி, கடைசியில் சிரித்துத் தலையை ஆட்டிவிடுகிறார்கள். வாலாஜாபாத் பந்தியில் நான் எப்படி இருந்தேனோ அப்படி எல்லாருமே இருந்தார்கள், ஆனால் ஒருவருக்கும் அதில் வருத்தமில்லை. நானும் சுடலையும் மட்டும் ஜம்மென்று பேசிக்கொண்டோம், கையால். தண்ணீர் எங்கே என்றேன், மூலையில் என்றான். அந்தப் பச்சைத்தலையனைப் பார் என்றான், பார்த்தேன் என்றேன். மினுக்குப் பொட்டுப் பெண் இதைப் பார்த்துவிட்டு எங்கள் கைப்பாஷையை நடனம் என்று நினைத்துத் தானும் செய்ய ஆரம்பித்தாள். பல வருஷங்களுக்குப் பிறகு, ஒரு கூட்டத்தில் எல்லோரையும் போல நானும் ஒருவனாக நின்றேன். அந்த இடத்தைத் தந்தவன் நீ.

அப்போதுதான் நீ மேடையில் ஏறினாய். உன்னைப் பார்த்ததும் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்துவிட்டேன். வலது காதில் ஹெட்போன், இடது காது திறந்தபடி, கழுத்து ஒருபக்கமாகச் சாய்ந்து, திறந்த காதுக்குப் பக்கத்திலேயே ஆள் உயர ஸ்பீக்கர். நான் மிஷின் முன்னால் எப்படி நிற்பேனோ அச்சு அசல் அப்படி நின்றாய். நீ என்னை ஷாப்பில் ஒருநாளும் பார்த்ததில்லையே, யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாய்? பிரஸ் ஷாப்பில் ஆபத்து என்றால் கத்தி பிரயோஜனம் இல்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பெருக்கல் குறி போட வேண்டும். நிறுத்து என்று அர்த்தம். பார்த்தவன் கேள்வி கேட்காமல் மிஷினை நிறுத்துவான். நான் யோசிக்கவே இல்லை, கை தானாக மேலே போய்விட்டது. நிறுத்துடா, காது போய்விடும், நிறுத்து. பக்கத்திலிருந்த சுடலையும் பழக்கதோஷத்தில் தூக்கினான். முன்னால் நின்ற பெண் தூக்கினாள், அவளைப் பார்த்து அந்த வரிசை தூக்கியது, கண் மூடித் திறப்பதற்குள் குடோன் முழுக்கப் பெருக்கல் குறி. நீ நிமிர்ந்து பார்த்தாய். உன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு மூச்சு நேரம் சத்தத்தை நிறுத்தினாய். புரிந்துகொண்டான் பிள்ளை என்று நான் கையை இறக்கினேன். இறக்கியதும் தொம் என்று போட்டாய் பார், குடோனே எகிறிக் குதித்தது.

முடிந்ததும் வேர்வையோடு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "நைனா, இன்னா ஸ்டெப்பு நைனா! சான்ஸே இல்ல!" என்றாய். அந்த முகத்திடம் நான் என்னவென்று சொல்வது? இன்றைக்கும் டீக்கடையில் உன் நண்பர்கள் என்னைக் கண்டால் தலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்து வணக்கம் சொல்கிறார்கள். நானும் பதிலுக்கு வைக்கிறேன். உன்னை இழுத்துக்கொண்டு போக வந்தவன் கடைசியில் ஆடினேன் என்பதும் உண்மைதான். சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சுக்கூட்டில் கேட்டது. உள்ளங்காலில் ஏறி இடுப்பில் கேட்டது. மிஷின் அடியும் உன் அடியும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். மிஷின் அடிக்கு நான் பொறுத்து நின்றேன், உன் அடிக்கு என் கால் தானாகப் போனது, இதற்கு மேல் வித்தியாசம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மறுநாள் முட்டி வீங்கி உன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஆடுன வயசப் பாரு" என்று திட்டிக்கொண்டேதான் எண்ணெய் தேய்த்துவிட்டாள். ரொம்ப நாள் கழித்து அவளும் நானும் விழுந்து விழுந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

நன்றாக இருந்ததை மட்டும் சொன்னால் நீ நம்பமாட்டாய். பின்பக்கச் சுவரோரம் ஒரு பையன் கண் செருகிக் கிடந்ததையும் பார்த்தேன். என்ன போட்டான் என்று தெரியாது. உன் மாமா சொன்னது அத்தனையும் பொய் இல்லை. ஆனால் நீ சாமான்களை எடுத்து வைக்கக்கூடப் போகாமல் அவன் தலையை மடியில் வைத்து, ஆட்டோ வரும்வரை தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வரும் வழியில் நான் கேட்காமலே "நான் தொட்டதில்ல நைனா" என்றாய். நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். மும்பையில் அந்தச் சுவரோரங்கள் இன்னும் பெரிதாக இருக்கும். எங்கே இருந்தாலும் தண்ணீர் கொடுக்கிறவன் பக்கமே இரு. உன்னைப் பெற்றதற்கு நான் பெருமைப்பட்டது மேடையைப் பார்த்து மட்டும் இல்லை, அதையும் பார்த்துத்தான்.

இனி நான் கேட்க வந்தது. நீ போன பிறகு உன் அம்மா என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் காது டாக்டரிடம் உட்காரவைத்தாள். கனமான சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறதாம், மெல்லிய சத்தங்கள் போய்விட்டனவாம். போனது இனிமேல் திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம், காதில் மாட்டும் மிஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் புரியும் என்றார். வைத்துக்கொள்ளப் போகிறேன். சுடலையின் காதில் இப்போதெல்லாம் இரண்டு பக்கமும் ஆரஞ்சு தெரிகிறது. இரண்டையும் அடைத்த பிறகும் துண்டு மாட்டினால் கையில் தெரிகிறது, காலில் தெரிகிறது என்கிறான். நானும் வைத்துப் பார்த்தேன், அவன் சொல்வது நிஜம். இத்தனை வருஷமும் காதைத் திறந்து வைத்ததற்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இந்தக் கடிதத்தோடு ஒரு டப்பா பிளக் அனுப்புகிறேன், மெடிக்கலில் வாங்கியதுதான், கம்பெனி ஸ்டோரில் கை வைக்கவில்லை. உங்கள் வேலைக்கென்றே நல்லதாக வேறு பிளக் விற்கிறார்களாம், டாக்டர் சொன்னார், அதைத் தேடி வாங்கு. வைத்தால் வேலை கெடும், கூட்டத்தின் சத்தம் தெரியாது என்று நீ சொல்வாய். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு நின்றேன் கண்ணு.

நீ ரயில் ஏறும் முன்னால், "இது உனக்குனு போட்டது நைனா" என்று ஒரு மியூசிக்கை என் போனில் ஏற்றிவிட்டுப் போனாய். போய்ச் சேர்ந்ததும் எப்படி இருக்கிறது என்று கேட்டு மெசேஜ் அனுப்பினாய். சூப்பர் என்று பதில் போட்டேன், அம்மாதான் எழுத்தைத் தேடித் தேடி அடித்தாள். போன வாரம் மத்தியானம் அவள் சும்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டாள். கேட்கக் கேட்கக் கண்ணில் தண்ணீர். "இன்னாயா இது, அடிக்கு மேல மெல்லிசா ஒரு ராகம் போவுது. அவன் குழந்தையா இருக்கசொல்ல தூளில ஆட்டிக்கினே நான் முணுமுணுப்பேனே, அதத்தான் போட்டுக்கீறான். உனக்குக் கேட்டுச்சா?" என்றாள். வாங்கி மாட்டினேன். இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தொம் தொம் என்று அடி வந்தது, அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேக்குது" என்று தலையை ஆட்டினேன்.

எனக்கென்று நீ போட்ட பாட்டில் பாதிதான் எனக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பாதிக்கே உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல்தான் இவ்வளவு எழுதியிருக்கிறேன். நீ இரண்டு காதிலும் வை, மகனே. நாளைக்கு உன் பிள்ளை ஆசையாக ஒன்றைச் செய்துகொண்டு வந்து, "எப்படிப்பா இருக்கு?" என்று உன் முகத்தைப் பார்க்கும்போது, என்னைப் போல நீ பொய் சொல்லக் கூடாது.